முழங்கால் மடிந்த கடிதம்

“தெரிந்தே சில பிழைகள் செய்திருக்கலாம் என்று உங்கள் கடிதத்தில் கூறியிருக்கிறீர்கள். அவை எவை என்று விளக்கவும். ஏழு வேலை நாட்களுக்குள்.”

மனைவியின் தம்பி தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான். தகனினியில் இருந்த எங்கள் வீட்டின் முன்னால், கார்க் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தேன். மணி ஆறே முக்கால். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்தால் மோட்டார்வே என்கிற விரைவுச் சாலையில் ஏறுகிற இடத்திலேயே சிவப்பு விளக்குகளின் வரிசை தொடங்கிவிடும். ஆனாலும் வைத்த கால் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“அத்தான், இவங்க என்ன கேக்காங்க? நான் என்னத்தத் தெரிஞ்சே செஞ்சேன்?”

குடிவரவு அலுவலகம் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த அந்த வரிகளை மூன்று முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை, மேற்கோள் குறிகளுக்குள் நின்ற வாக்கியம் என்னுடையது என்று தெரிந்தது. அவன் கையெழுத்துப் போட்ட கடிதம்தான். எழுதியவன் நான். பிழை ஏதும் செய்யாத ஒருவனின் வாயில், பிழை செய்தேன் என்ற சொல்லைச் சுருட்டித் திணித்தவன் நான்.

“ஒண்ணுமில்ல மாப்ள. சாயங்காலம் பேசுவோம்” என்றேன்.

“ஒண்ணுமில்லையா?”

அவன் முகத்தைப் பார்க்காமல் காரைக் கிளப்பினேன்.

அது இரண்டாயிரத்துப் பதினாறு என்று நினைவு. அவனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். தூத்துக்குடியில் மீன் கிடங்குகளின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டு படித்தான். பிறகு மனுகாவுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க் கிடங்கில் அதே வேலை கிடைத்தது. கையில் இருந்த விசா முடியப் போகிறது. அடுத்த வேலை விசாவுக்கு விண்ணப்பித்திருந்தான். அவன் மனைவியின் விசா அவனுடையதைப் பிடித்துத் தொங்கியது. அவளுக்கு ஏழு மாதம். அவனுக்கு மறுத்தால் இருவரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். போகச் சொல்லும் வேளையில் அவளை எந்த விமானம் ஏற்றிக்கொள்ளும் என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காத கேள்வி வீட்டுக்குள் ஓர் ஆள் போல நடமாடியது. குளியலறைக் கதவுக்கு வெளியே காத்து நின்றது, சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தது.

குடிவரவு அலுவலகத்திலிருந்து முதலில் வந்த கடிதம் எளிமையானது. ஊரில் பழைய வேலையை விட்ட நாள் என்று படிவத்தில் அவன் போட்டது ஒன்று. அந்த முதலாளி கொடுத்த சான்றிதழில் இருந்தது வேறொன்று. இடையில் பத்தொன்பது நாட்கள். ஏன் இந்த வேறுபாடு?

காரணம் இரண்டு வரி. அவன் வேலையை விட்ட அன்று முதலாளி மகள் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து, கையெழுத்துப் போட்ட தேதியையே விலகிய தேதி என்று போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எவனுக்கும் இது பெரிய விஷயம் இல்லை.

அந்த இரண்டு வரியை நான் ஒன்றரைப் பக்கமாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. அவன் என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

“நல்லாத் தாழ்மையா எழுதுங்க அத்தான். படிக்கவங்க மனசு எளகணும்.”

“அண்ணன் எழுதினா சும்மாவா இருக்கும்” என்று அவன் மனைவி சோபாவில் காலை நீட்டியபடி சொன்னாள்.

என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ரொம்ப நெளியாதிய. மண்புழுன்னு நெனச்சிக்கிடப் போறாவ.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். நான் நெளிவதை நிறுத்தவில்லை.

எப்படி நிறுத்துவேன்? பத்தொன்பது, இருபது வயதில் எங்கள் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவன் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. குடும்ப அட்டை, பட்டா, விதவை உதவித்தொகை, தெருவிளக்கு. மேலே ‘உயர்திரு அவர்களின் சமூகத்திற்கு’ என்று தொடங்கி, நடுவே ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று தவழ்ந்து, கடைசியில் ‘தெரிந்தும் தெரியாமலும் நான் ஏதேனும் பிழை செய்திருந்தால் அதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்’ என்று விழுந்து கும்பிட்டு முடிப்பேன். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதப் போனவர் என்ன பிழை செய்திருப்பார்? பல்பையா உடைத்தார்? அந்த வரியை எந்த அதிகாரியும் படித்ததில்லை. ஆனால் அது இல்லாமல் போனால் கண்ணில் படும் என்று நினைத்தோம். வாசலில் செருப்பைக் கழற்றுவது போலத்தான் அதுவும். கால் சுத்தமாகவே இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

அந்த வரியைத்தான் ஆங்கிலத்தில் பெயர்த்து, அழகாக, இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, அவன் பெயருக்கு மேலே வைத்தேன். அவன் கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டான்.

விளக்கம் கேட்டு இந்த இரண்டாவது கடிதம் வந்த அன்று காலை, காரை ஓட்டிக்கொண்டே அதை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அதில் இருந்த கும்பிடு உதிர்ந்து, குற்றம் மட்டும் மிஞ்சியது. என்னுடைய வேலையே ஒனஹங்காவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இறக்குமதியாகிற சரக்குகளின் தாள்களில் ஒன்றோடொன்று பொருந்தாதவற்றைக் கண்டுபிடிப்பது. பெட்டி எண் ஒன்று, தேதி வேறு, எடை வேறு. ஏதாவது ஒரு வியாபாரி ‘தெரிந்தும் தெரியாமலும் இதில் தவறு இருக்கலாம்’ என்று எனக்கு எழுதியிருந்தால், அந்தப் பெட்டியைத் துறைமுகத்தை விட்டு நகர விட்டிருப்பேனா? ஒருக்காலும் விடமாட்டேன். நானே நிறுத்தி, நானே திறக்கச் சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானமே வேலையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு மனுகாவுக்குப் போனேன். அவன் கிடங்கிலிருந்து வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தான். மாலுக்கு எதிரே, ஒரு பல் மருத்துவரின் மாடியில், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவர் இருந்தார். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண், பேச்சில் அந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும். என் வயதுதான் இருக்கும். முதல் கடிதத்துக்கே அவரிடம் போயிருக்க வேண்டும். நான் இருக்க ஆலோசகர் எதற்கு என்று சொன்னதும் நான்தான்.

என் கடிதத்தை அவர் படித்தபோது அவருடைய புருவம் ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அங்குலம் ஏறியது.

“யாரு எழுதுனா இத?”

“நான்தான்.”

“அண்ணே, என்னா இது? கோயில்ல சாமிகிட்டயா கேக்குறீங்க?” அவர் பேனாவைக் கடைசி வரியில் வைத்தார். “தம்பி, நீங்க சொல்லுங்க. தெரிஞ்சே என்னா செஞ்சீங்க?”

“ஒண்ணுமே செய்யல மேடம். சாரி மேடம்.”

“அப்புறம் எதுக்கு சாரி?”

அவன் என்னைப் பார்த்தான்.

“அது எங்க வழக்கம். கடைசியில அப்படி எழுதுறது ஒரு மரியாதை” என்றேன்.

“எனக்குத் தெரியுதுண்ணே. எங்கப்பாவும் தோட்டத்து மேனேஜருக்கு இப்படித்தான் எழுதுவாரு. ஆனா இந்தக் கேஸப் பாக்குற ஆபீசருக்குத் தெரியுமா? அவங்களுக்கு இது ஸ்டேட்மெண்ட். கையெழுத்துப் போட்ட ஸ்டேட்மெண்ட்.” பேனாவால் மேசையைத் தட்டினார். “நல்லாப் புரிஞ்சுக்குங்க. இவரு அப்ளிகண்ட். சப்ளிகண்ட் இல்ல. பொய்த் தகவல் கொடுத்தாருன்னு ஒரு முறை ஃபைல்ல ஏறிச்சுன்னா, இந்த விசா மட்டும் இல்லலா, இனிமே போடுற எல்லாத்துலயும் அது வந்து நிக்கும்.”

மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். இன்னும் ஓர் அங்குலம் முன்னால் வந்தால் தரையில் இருப்பான்.

“எழுதிக் கொடுத்ததுக்கு ஏதாவது வாங்குனீங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

“சொந்த மச்சினன்கிட்டயா?”

“கேக்கணும், அதான். சொந்தக்காரங்க சும்மா எழுதிக் கொடுத்தா அதுல குத்தம் இல்ல. சரி, உள்ளத உள்ளபடி சொல்லிருவோம். கடுதாசி அத்தான் எழுதுனது, அந்த வரி ஒரு வழக்கம், அதுக்குப் பின்னாடி ஒரு சம்பவமும் இல்ல.”

அவர் பதிலைத் தட்டச்சு செய்தார். நான்கு வரி. நான் எட்டிப் பார்த்து, மேலே ‘மதிப்பிற்குரிய’ என்று ஒரு சொல்லாவது போடலாமே என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஒருவேளை ஆபீசர் ஃபோன்ல கூப்பிடலாம். தம்பி, ஃபோன்ல சாரி சொல்லாதீங்க. புரியுதா?”

“சரி மேடம். சாரி மேடம்.”

அந்த ஆங்கிலச் சொல் எனக்குள் முள்ளாக இறங்கியிருந்தது. சப்ளிகண்ட். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குன்றுப் பகுதியான ஹில்ஸ்பரோ வரை ஓட்டிப் போய், தெருவோரம் காரை நிறுத்தி, கீழே கடல்நீர் வடிந்து கிடந்த துறைமுகத்தின் சேற்றைப் பார்த்தபடி கைப்பேசியில் தேடினேன். பணிந்து கேட்பவன், இறைஞ்சுபவன் என்று பொருள். லத்தீனிலிருந்து வந்ததாம். கீழே என்று ஒரு துண்டு, மடித்தல் என்று ஒரு துண்டு. முழங்கால் மடிந்து கீழே இறங்குகிற உடம்பின் படம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்கிறார்கள். மேசையில் தாளை மடிப்பது போல ஒருவன் தன்னையே மடித்து நீட்டுகிறான். நான் செய்ததும் அதுதான். ஆனால் நான் மடித்தது என்னை அல்ல. இன்னொருவனை.

தயிர்ச்சோறு தொடாமல் கிடந்தது. சொற்கள் என்னை விடவில்லை. நம்மிடம் எத்தனை இருக்கின்றன. இரவலர், கையேந்தி நிற்பவர். அடியேன், தன்னைக் காலடியில் வைத்தே பேசத் தொடங்குபவன். மனுதாரர், அதில் தொங்கும் ‘தார்’ ஜமீன்தாரிலும் தாசில்தாரிலும் இருப்பதுதான், பாரசீகத்திலிருந்து வந்தது, ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் என்று பொருள். ஒருவர் நிலத்தை வைத்திருந்தார், இன்னொருவர் தாலுகாவை வைத்திருந்தார், நம் ஆள் ஒரு தாளை வைத்திருந்தார். அப்புறம் விண்ணப்பம். நான் ஆயிரம் முறை எழுதிய சொல். அதன் வேர் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வடமொழியில் புறப்பட்டு, பிராகிருதத்தில் தேய்ந்து, தமிழுக்குள் வந்து உட்கார்ந்த சொல் அது. பொருள், அறியச் செய்தல். அவ்வளவுதான். தெரியாத ஒருவருக்குத் தெரியப்படுத்துவது. பழைய கல்வெட்டுகளில் அதிகாரிகள் அரசனுக்குச் செய்ததும் விண்ணப்பம்தான். பெரியவர் முன் வைப்பது என்ற அடக்கம் அதில் உண்டு. ஆனால் மடிந்த முழங்கால் இல்லை. பொறுத்தருள்க இல்லை. அதையெல்லாம் எந்தத் தாலுகா அலுவலக வராந்தாவில், எத்தனை பேர் நின்று நின்று, அந்தச் சொல்லின் முதுகில் ஏற்றினார்களோ. ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

இதை வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“அர்த்தம் இப்பம்தான் தேடுதியளோ? எழுதுறதுக்கு முன்னால தேடியிருக்கணும்.”

முந்தின நாளிலிருந்தே அவள் என்னோடு முழுதாகப் பேசவில்லை. தேவையானதை மட்டும் சொன்னாள். பால் முடிந்துவிட்டது. குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும். வீட்டின் நடையில் அவன் மனைவி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று பிரசவத்துக்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய சிறிய பெட்டி. அதன் பக்கத்தில், ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பெரிய சூட்கேஸ். எதற்கு அதை இறக்கினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் இரண்டையும் தாண்டிக்கொண்டு போனோம்.

பதில் போய் நான்காம் நாள் ஒரு மின்னஞ்சல். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பெண் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் பேசுவார்.

புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். நான் அதிகாரி. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கைப்பேசியை வைத்து, மறு அறையிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்ததும் அவன் எழுந்து நின்றான். காலில் இருந்த செருப்பை உதறினான். வலது கையில் கைப்பேசி, இடது கை நெஞ்சில்.

“குட் மார்னிங் மேடம், சாரி மேடம், சொல்லுங்க மேடம்.”

“ஏல, உக்காருல!” என்று அவன் அக்கா கத்தினாள். “ஃபோன்ல அவளுக்கு உன் காலு தெரியுமா?”

“உக்காந்துக்கிட்டுப் பேசினா மரியாதை இல்லாத மாதிரி இருக்குக்கா.”

“நின்னுக்கிட்டுப் பேசினா நீ திருடின மாதிரி இருக்கு.”

உட்கார்ந்தான். மறுபடி கூப்பிட்டேன். “நீங்கள் வேலையை விட்ட நாள் எது?” நாளைச் சரியாகச் சொன்னான். “சான்றிதழில் ஏன் வேறு தேதி?” முதலாளி, கல்யாணம், கையெழுத்து, எல்லாம் சரியாக வந்தது. “அப்படியானால் தெரிந்தே செய்த பிழை என்ன?” அவன் பார்வை என் பக்கம் திரும்பியது. பிறகு, தானாக, “சாரி” என்றது அவன் வாய்.

அக்கா கரண்டியால் மேசையில் ஓங்கி அடித்தாள். அவன் மனைவி எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை, அதுதான் மோசமாக இருந்தது.

பதினேழு முறை ஒத்திகை பார்த்தோம். அதில் பதினோரு முறை சாரி வந்தது.

வியாழக்கிழமை நானும் விடுப்பு எடுத்திருந்தேன். பத்தரை மணிக்கே நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். கைப்பேசி நடுவில், ஸ்பீக்கரில் போடத் தயாராக. வெளியே பக்கத்து மனையில் புதிய வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணி அடிக்கும் துப்பாக்கி பட், பட், பட் என்று அடித்துவிட்டு நிற்கும். நின்ற இடைவெளியில் எங்கள் மூச்சு கேட்கும். ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கமாக இருந்தது, திறந்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி சாத்தினேன்.

பதினொன்று ஆறுக்கு மணி அடித்தது.

பெண் குரல். இளமையான, அவசரமில்லாத குரல். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், உரையாடல் பதிவாகிறது என்றார், வேறு யாராவது அறையில் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று அவன் எங்கள் மூவரையும் உறவு முறையோடு சொன்னான். உட்கார்ந்தேதான் இருந்தான். இரண்டு கைகளாலும் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்திருந்தான், பேருந்தின் வளைவுகளில் பிடிப்பது போல.

தேதிகளைக் கேட்டார். சொன்னான். முதலாளியின் கல்யாண வீட்டைச் சொன்னான். குளிர்க் கிடங்கில் என்ன வேலை என்று கேட்டபோது அவன் குரலே மாறியது. அழுத்தம், வாயுக் கசிவு, ஐஸ் பிடித்த குழாய் என்று தன் இயந்திரங்களைப் பற்றிப் பேசப் பேச, நாற்காலியைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. என் மனைவி முதன்முறையாக மூச்சை விட்டாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. விளக்கக் கடிதம் கிடைத்தது என்றார். ஆனாலும் அவன் வாயால் கேட்க வேண்டும் என்றார். தெரிந்தே செய்த பிழை ஏதாவது உண்டா?

அவன் வாய் திறந்தது. கூரையில் பட், பட், பட். அவன் மனைவி தன் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“இல்லை” என்றான் ஆங்கிலத்தில். சாரி வரவில்லை. “அந்த வரியை நான் எழுதவில்லை. அத்தான் எழுதினார். நான் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். படித்தபோது அது எனக்குத் தகவல் மாதிரித் தெரியவில்லை. கடிதம் என்றால் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன்.”

மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம். அது எங்கள் மேல் மழை போல விழுந்தது.

“அவர் அங்கே இருக்கிறார் அல்லவா? உங்கள் அனுமதியோடு அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாமா?”

கேட்கலாம் என்றான். கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான்.

நான் எழுந்து நின்றேன்.

ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. எழுந்ததை நானே உணரவில்லை. என் மனைவியின் முகம் கீழே போனதை வைத்துத்தான் நான் மேலே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. என் வாயிலிருந்து வந்த முதல் சொல், “சாரி, மேடம்.”

என் மனைவி கண்களை மூடிக்கொண்டாள்.

“எதற்காக?” என்று கேட்டது குரல். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டது.

நாற்பத்தேழு வயதில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்பது அதுதான் முதல் முறை. இத்தனை காலம் சொன்ன சாரிகளுக்கெல்லாம் யாரும் காரணம் கேட்டதில்லை. பள்ளியில், அலுவலகத்தில், விமான நிலையத்தில், சொந்தக்காரர் வீட்டில். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

“இந்த வரியை அவரைக் கேட்காமல் எழுதியதற்காக” என்றேன். “அவர் என்னிடம் எந்தப் பிழையும் சொல்லவில்லை. அதிகாரிகளுக்கு எழுதும்போது எங்கள் ஊரில் கடைசியில் அப்படி எழுதுவோம். இளவயதில் பலருக்கும் நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருவிளக்கு வேண்டும் என்று கேட்டவருக்குக் கூட அதே வரிதான் போட்டேன். அது செய்தி அல்ல. வணக்கம்.”

விசைப்பலகை. நீண்ட நேரம்.

“நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?”

இருந்தது. இவன் மனைவிக்கு ஏழு மாதம் என்று. நடையில் இரண்டு பெட்டிகள் நிற்கின்றன என்று. இவன் நல்லவன், கருணை காட்டுங்கள், எங்கள் மேல் இரக்கம் வையுங்கள், உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று. எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஒவ்வொன்றும் தன் முழங்காலை மடித்துக்கொண்டு, அனுமதிக்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தான். தலையை இட வலமாக மெல்ல அசைத்தான். வேண்டாம், அத்தான்.

“இல்லை” என்றேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். முடிவு எப்போது என்று சொல்லவில்லை. கைப்பேசியின் திரை அணைந்து கறுப்பானது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

“உக்காருங்க” என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. ஒரு வாரத்தில் முதன்முறையாக என் தட்டில் அவளே சோறு போட்டாள். ஆனால் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த பதின்மூன்று நாட்களை எப்படிக் கடந்தோம் என்று எழுத முடியவில்லை. மின்னஞ்சல் வரும் சத்தத்தை அவன் மாற்றி வைத்தான். பிறகு சத்தமே வேண்டாம் என்று அணைத்தான். அணைத்த பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தான். அவன் மனைவி நடையில் இருந்த சூட்கேஸைத் திறந்து பழைய சேலைகளை மடித்து வைத்தாள், மறுநாள் எடுத்தாள், அதற்கு மறுநாள் மறுபடி வைத்தாள். நான் வேலையில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஒரே தாளைச் சரிபார்த்தேன். எண்கள் பொருந்தின. பொருந்துகிறதா என்று மறுபடி பார்த்தேன்.

பதினான்காம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னறையில் ஒரு கூச்சல். நுரையோடு ஓடினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியை அக்காவிடம் நீட்டினான். அக்கா என்னிடம் கொடுத்தாள்.

விசா வழங்கப்பட்டது. இணைப்பில் காண்க. நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கவும்.

அவ்வளவுதான். கருணையின் அடிப்படையில் என்று இல்லை. மன்னித்து என்று இல்லை. தங்கள் பணிவைக் கருத்தில் கொண்டு என்று எங்கேயும் இல்லை. அவன் சொன்னது அவர்களுக்குத் தெரிய வந்தது. தெரிந்துகொண்டதை வைத்துத் தீர்மானித்தார்கள். கீழே அதிகாரியின் பெயர் கூட இல்லை, பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மட்டும்.

அவன் மனைவி என் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இந்த முறை சத்தம் கேட்டது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். அவன் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு பித்தானைத் துளைக்குள் மாட்டாமல் பிடித்தபடி, அடுப்படி வாசலில் நின்றிருந்தான்.

“அத்தான், ஒரு லெட்டர் எழுதணும்.”

“என்ன லெட்டர்?”

“தாங்க்ஸ் லெட்டர். அந்த மேடத்துக்கு.”

“ஏல, போதும்ல!” என்று உள்ளிருந்து அக்கா.

“ரெண்டு வரி போதும் அத்தான். தப்பா ஒண்ணும் வராம.”

ஆலோசகருக்கு ஃபோன் செய்தேன். முதலில் சந்தோஷப்பட்டார், கேள்வியைக் கேட்டதும் அலறினார். “ஐயோ அண்ணே, எழுதாதீங்கலா! அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க. சும்மா இருங்க!” ஸ்பீக்கரில் அவனும் கேட்டான்.

“எழுத வேண்டாம் மாப்ள” என்றேன்.

“சரி.” பித்தானை மாட்டினான். கார்ச் சாவியை எடுத்தான். கதவு வரை போய் நின்றான். “இவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லாம எப்படி அத்தான் வேலைக்குப் போக?”

அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு மணியைப் பார்த்தான், மோட்டார்வே நெரிசலாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.